ஸ்கேனில் குழந்தைக்குக் குறை என்று சொன்ன பிறகு: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: "எனக்கு 21வது வாரம் நடக்கிறது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் குறை இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? இப்படி அழுதுகொண்டே இருப்பது குழந்தையைப் பாதிக்குமா? அடுத்த வாரம் கவுன்சிலிங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே என்ன செய்வார்கள்? கலைக்கச் சொல்லி வற்புறுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது."

பதில்:

சகோதரி, கருவில் குறை இருப்பதாகத் தெரியவந்த பெற்றோரோடு பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் உண்டு. விரிவாக எழுதுவதற்கு முன்னால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இன்று இரவு அதுவாவது உங்களோடு இருக்கட்டும். இதயக் குறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தாய் செய்த எதுவும் காரணம் இல்லை. நீங்கள் அழுவதால் குழந்தையின் இதயம் மேலும் கெடாது. கவுன்சிலிங்கில் யாரும் உங்களை எதற்கும் வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் அதற்குப் பெயர் கவுன்சிலிங் இல்லை.

உங்கள் கேள்வியில் ஒன்றைக் கவனித்தேன். எத்தனையாவது வாரம் என்று இருக்கிறது, ஸ்கேன் எப்போது என்று இருக்கிறது, தூக்கமில்லாதது இருக்கிறது. குறையின் பெயர் இல்லை. "இதயத்தில் குறை" என்பதோடு நிற்கிறது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. என் எதிரே வந்து உட்காரும் பெண்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. மருத்துவர் சொல்லவில்லை என்று அர்த்தமில்லை, சொல்லித்தான் இருப்பார். ஸ்கேன் அறையில் அதுவரை "இது கை, இது முதுகெலும்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் பேச்சு திடீரென்று நின்றுவிடும். கருவி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தும். திரை கொஞ்சம் அவர் பக்கம் திரும்பும். அந்த நொடியிலேயே தாய்க்கு விஷயம் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறுவதில்லை. வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக் கொடுத்த காகிதத்தை, நனைந்து கிழிந்த பிறகும் கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், "ஏதோ ஓட்டைன்னு சொன்னாங்க" என்பார்கள். அதிர்ச்சியில் மனம் செய்யும் வேலை இது. உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்தப் பெயர் ரொம்ப முக்கியம். "இதயத்தில் குறை" என்ற இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு அடங்கும் என்று பாருங்கள். கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் சின்ன ஓட்டை இருக்கலாம். அதில் பல, குழந்தை பிறந்த பிறகு தானாகவே மூடிக்கொள்ளும். இரண்டு பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறி அமைந்திருக்கலாம். இதைப் பிறந்த முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ அறுவை செய்து மாற்றி வைக்கிறார்கள், அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓடியாடி வளர்கிறார்கள். இதயத்தின் இடப்பக்கம் முழுவதுமே சரியாக வளராமல் இருக்கலாம். அது மிகக் கடினமானது. படிப்படியாக மூன்று அறுவைகள், அதன் பிறகும் வாழ்நாள் முழுக்க மருத்துவக் கவனிப்பு. இந்த மூன்றுக்கும் ஒரே பயத்தைப் பட முடியாது. பெயர் தெரியாதபோது மனம் எப்போதும் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. ஸ்கேனில் இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிவதுண்டு. அது குறையே இல்லை, இதயத்தின் வேலையை அது கெடுப்பதுமில்லை. குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) பரிசோதனைகளின் முடிவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சின்ன அடையாளம், அவ்வளவுதான். அதை "இதயத்தில் ஏதோ இருக்கிறது" என்று கேட்டுவிட்டு ஒரு மாதம் தூங்காமல் இருந்தவர்களும் இருக்கிறார்கள். உங்களுடையது அதுதான் என்று நான் சொல்லவில்லை. பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். தப்பு.

குழந்தையின் இதயம், கரு உண்டான நாலாவது வாரத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் நான்கு அறைகள், நடுச்சுவர்கள், வெளியேறும் பெரிய குழாய்கள் எல்லாம் ஏறக்குறைய அமைந்துவிடும். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால் அவர்கள் கணக்கில் அது பத்தாவது வாரம். ஆகவே நாலாவது மாதத்தில் நீங்கள் தூக்கிய கனமான பை, படியில் தடுக்கியது, வீட்டில் நடந்த சண்டை, வேலையிடத்தில் பட்ட டென்ஷன் எதுவும் அந்தச் சுவரை எட்டவே முடியாது. அது ஏற்கெனவே அமைந்து முடிந்திருந்தது. மற்ற குறைகளுக்கும் இதே கணக்குதான். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் 28வது நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். மேலுதடு ஏழாவது வாரத்துக்குள் சேர்ந்துவிடும். தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு வரும் அம்மாக்களிடம் நான் காலண்டரைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன். ஆறுதல் வார்த்தையை விட அது அதிகம் உதவுகிறது.

காரணமே கிடையாது என்றும் சொல்லவில்லை. கருத்தரிக்கும் முன்பே இருந்து கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்கான சில மருந்துகள், முகப்பருவுக்குச் சாப்பிடும் ஒரு வகை மருந்து, தொடக்க வாரங்களில் வந்த ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) போன்ற தொற்று, குரோமோசோமில் அல்லது ஒரு மரபணுவில் மாற்றம். ருபெல்லாவுக்கும் பிறவிக் குறைக்கும் உள்ள தொடர்பை நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் 1941இல் கண்டு சொன்னார். இவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் ஆலோசகரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைக் கொண்டு அடுத்த பரிசோதனையைத் தீர்மானிப்பார்கள், உங்களுக்குத் தீர்ப்பு எழுத மாட்டார்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்து எதையும் பயந்துபோய் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் பதில் "குறிப்பிட்ட காரணம் தெரியவில்லை" என்பதுதான். இதை ஏற்பது கஷ்டம். நூறு குழந்தைகள் பிறந்தால் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை ஏதாவது இருக்கிறது. நூற்றில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில். நல்லபடி சாப்பிட்டு, மாத்திரை தவறாமல், ஒரு சொட்டு மது தொடாமல் இருந்த பெண்களுக்கும் அது நடக்கிறது. பல வருடம் இதைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது: குற்ற உணர்வை விட்டுவிட மனம் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. "நான் செய்த தப்பு" என்று நினைத்தால், அடுத்த முறை அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்துவிடலாம் என்று ஒரு பிடிப்பு கிடைக்கிறது. காரணமே இல்லாமல் நடந்தது என்றால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தான் "உன் தப்பில்லை" என்று எத்தனை பேர் சொன்னாலும் இறங்க மாட்டேன் என்கிறது. ஒருமுறை கேட்டு உடனே இறங்கவில்லை என்பதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள். கவுன்சிலிங்கில் அதே கேள்வியை ஐந்தாவது முறை கேட்டாலும் பதில் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இரண்டாவது கேள்வி, அழுகை. அழுதால் குழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தாயின் தலையில் இரண்டாவது பாரத்தை ஏற்றுகிறது. துக்கமும் பட வேண்டும், துக்கப்படுவதற்காகப் பயமும் பட வேண்டும். நீங்கள் எதிர்பார்த்திருந்த ஒரு குழந்தை மனதில் இருந்தது. அந்தக் குழந்தைக்காக அழுகிறீர்கள். குழந்தை உயிரோடு இருக்கும்போதே இப்படித் துக்கம் வருவதைப் பற்றி, குறையோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோரைப் பார்த்து, மனநல மருத்துவர்கள் 1960களிலிருந்தே எழுதி வருகிறார்கள். முதலில் அதிர்ச்சி, "ரிப்போர்ட் மாறியிருக்கும்" என்ற மறுப்பு, பிறகு கோபமும் துக்கமும், மெல்ல மெல்ல நிலைமையோடு பழகுவது, வாழ்க்கையை மறுபடி அடுக்கிக்கொள்வது என்று 1975இல் ஒரு மருத்துவக் குழு பெற்றோரின் போக்கை விவரித்தது. நேரில் பார்க்கும்போது அது வரிசையாக நடப்பதில்லை. காலையில் பழகிவிட்ட மாதிரி இருக்கும், சாயந்திரம் மறுபடி முதல் நாள் அதிர்ச்சி. ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தைய இரவும் எல்லாம் திரும்பி வரும்.

கவனிக்க வேண்டியது அழுகையை அல்ல. வாரக்கணக்காக நீளும் தூக்கமின்மை, சாப்பிடாமை, ஓயாத பதற்றம் ஆகியவற்றை. கடுமையான பதற்றமும் மனச்சோர்வும் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் போனால் குறைமாதப் பிரசவம், எடை குறைவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதைவிட முக்கியம், உங்களுக்கே அது தாங்க முடியாத வேதனை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பேச்சு வழி சிகிச்சை பலருக்குப் போதும். தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மருந்துகளை மனநல மருத்துவர் தருவார். ஏற்கெனவே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து சாப்பிடுபவராக இருந்தால், குழந்தையைக் காப்பதாக நினைத்துச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

கவுன்சிலிங்கில் உங்களிடம் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கலாம். 1987இல் எடின்பரோவில் உருவானது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்று தொடங்கி, இப்போது கர்ப்பத்திலும் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். "நல்ல அம்மா இப்படி எழுதமாட்டாள்" என்று நினைத்து மாற்றி எழுதாதீர்கள். அதன் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த எண்ணம் ஒருமுறை வந்து போயிருந்தாலும் சொல்லுங்கள். அது இப்போதே இருந்தால் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் கர்ப்பத்தில் குழந்தையின் அசைவு தெரிய ஆரம்பிப்பது ஏறக்குறைய 18லிருந்து 20 வாரத்தில். உறுப்புகளை முழுதாகப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பது 18லிருந்து 22 வாரத்தில். அதாவது குழந்தை முதன்முதலாகத் தட்டிக் கூப்பிடும் அதே நாட்களில்தான் இந்தச் செய்தி வந்து சேர்கிறது. ஒரு பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், அது உதைக்கும்போது நான் கையை எடுத்துடறேன். பாசம் வச்சா அப்புறம் தாங்க மாட்டேனோன்னு பயமா இருக்கு. நான் கெட்ட அம்மாவா?" கையை எடுப்பவர் பலர் உண்டு. வாங்கி வைத்த சின்ன உடைகளைப் பார்வை படாத இடத்தில் வைப்பவர், கர்ப்பம் என்றே யாரிடமும் சொல்லாமல் இருப்பவர், அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுபவர். பாசம் இல்லாததால் அல்ல, அளவுக்கு மீறி இருப்பதால் வருவது இது. அந்தப் பெண்ணிடம், "கையை வை, எடு, எது தோன்றுகிறதோ செய்யம்மா, குழந்தைக்குத் தெரியப்போவது உன் வயிற்றின் கதகதப்பு மட்டும்தான்" என்றேன். பிரசவம் நெருங்கியபோது அவர் கை தானாகவே வயிற்றில் இருந்தது. அது எல்லோருக்கும் அப்படி நடக்க வேண்டும் என்றில்லை.

மூன்றாவது கேள்வி. கவுன்சிலிங்கில் என்ன நடக்கும்?

முதலில் யாரை அழைத்துப் போவது என்று யோசியுங்கள். தனியாகப் போக வேண்டாம். கணவர் வரலாம், அக்காவோ அம்மாவோ வரலாம். உங்களுக்குப் பதிலாகப் பேசாமல், உங்களுக்காகக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆளாக இருக்க வேண்டும். எதிரே பெரும்பாலும் ஒருவர் மட்டும் இருக்கமாட்டார். கரு மருத்துவ நிபுணர், குழந்தை இதய மருத்துவர், மரபணு ஆலோசகர், பச்சிளங்குழந்தை மருத்துவர் என்று சிலர் ஒன்றாகவோ தனித்தனியாகவோ பேசுவார்கள். ஒரே நாளில் முடிவதும் இல்லை. இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்.

நல்ல ஆலோசகர் முதலில் பேச மாட்டார், கேட்பார். "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்கள்? அதில் எது உங்களை ரொம்பப் பயமுறுத்துகிறது?" பயம் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. மருத்துவர் அறுவையைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார், தாயின் மனதில் ஓடுவது "குழந்தைக்கு வலிக்குமா?" என்பது மட்டுமாக இருக்கும். அல்லது "மூத்தவளுக்கு என்ன சொல்வது?" அல்லது "இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ?" கேட்காமல் விளக்க ஆரம்பித்தால் அந்த விளக்கம் வீண்.

அப்புறம் இதயத்தை வரைந்து காட்டுவார்கள். நான் நான்கு கட்டங்கள் போட்டு, அம்புக்குறியில் இரத்தம் போகும் வழியைக் காட்டி, குறை இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடுவேன், பெயரைப் பக்கத்தில் எழுதுவேன். ஒரு தம்பதி அந்தத் தாளை எடுத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து வந்தபோது அது எட்டாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டு போட்டிருந்தது. பின்பக்கம் முழுக்க இரண்டு கையெழுத்துகளில் கேள்விகள். கணவருடையது: "எத்தனை மணி நேரம் ஆபரேஷன்? எங்கே பிரசவம்?" அந்த அம்மாவுடையது: "என் பால் கொடுக்கலாமா? பிறந்ததும் தூக்கலாமா?" கடைசி வரியில் ஒரே கேள்வி இருவர் கையெழுத்திலும் இருந்தது: "பள்ளிக்கூடம் போகுமா?" பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் அதைத் தாளில் எழுத முடிகிற அளவுக்கு வந்திருந்தது. முதல் நாள் அவர்களால் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை.

பரிசோதனைகள் பற்றிப் பேசுவார்கள். ஃபீட்டல் எக்கோ என்பது இதயத்தை மட்டும் விவரமாகப் பார்க்கும் ஸ்கேன். இதயக் குறை என்ற சந்தேகம் வந்தால் அதைச் செய்தே ஆக வேண்டும், முதல் ஸ்கேனின் முடிவு அதில் மாறுவதும் உண்டு. சில இதயக் குறைகள் குரோமோசோம் மாற்றத்தோடு சேர்ந்து வரும். டவுன் சிண்ட்ரோம் (21வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது) உள்ள குழந்தைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இதயக் குறை இருக்கும். 22வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபடுவதாலும் வரும். அதனால் பனிக்குட நீரை ஊசியில் எடுத்துச் செய்யும் பரிசோதனையைச் சொல்வார்கள். 15 வாரத்துக்குப் பிறகு செய்வது இது. ஊசியால் கரு கலையும் வாய்ப்பு அனுபவமுள்ள கைகளில் இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. முக்கியமான குரோமோசோம்களின் முடிவு சில நாட்களில் வந்துவிடும், விரிவான முடிவுக்கு இரண்டு வாரம் போல ஆகும். தாயின் இரத்தத்தில் செய்யும் பரிசோதனை நார்மல் என்று வந்திருந்தாலும், ஸ்கேனில் குறை தெரிந்தபின் அது மட்டும் போதாது. அது வடிகட்டும் பரிசோதனை, உறுதி செய்வது அல்ல. இன்னொன்று: விரிவான மரபணுப் பரிசோதனையில் சில சமயம் "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று வரும். அது வந்தால் பதற்றம் கூடும், பதில் கிடைக்காது. அப்படி வந்தால் எங்களிடம் சொல்வீர்களா என்று ஊசிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்கள் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "ஐந்து சதவீதம் ரிஸ்க்" என்று கேட்டால் அந்த ஐந்துதான் மனதில் தங்கும். நூறு பேரில் ஐந்து பேருக்கு நடக்கும், தொண்ணூற்றைந்து பேருக்கு நடக்காது என்று இரண்டு பக்கமும் சொல்லச் சொல்லுங்கள். "அரிது", "வாய்ப்பு உண்டு" மாதிரி வார்த்தைகளை எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு அரிது என்பது ஆயிரத்தில் ஒன்றாக இருக்கலாம், மருத்துவருக்கு இருபதில் ஒன்றாக இருக்கலாம்.

இப்போது நீங்கள் பயப்படும் விஷயம். மரபணு ஆலோசனை என்ற பெயரை 1947இல் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க மரபியலாளர் வைத்தார். முடிவை ஆலோசகர் எடுக்கக் கூடாது, குடும்பம்தான் எடுக்க வேண்டும் என்பதை இந்தத் தொழில் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது. எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்றால், இல்லை. சொல்லும் தொனியிலேயே முடிவைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும். கலைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது போலப் பேசுபவர்கள் உண்டு. கலைப்பதை நினைத்தாலே பாவம் என்பது போலப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படித் தோன்றினால், "இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

"என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. நான் பதில் சொல்வதில்லை. அதைக் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அந்தக் கேள்வியோடு ஒருவரைத் தனியே விட்டுவிடவும் கூடாது. "எந்த முடிவை எடுத்தால் ஐந்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது உங்களால் தாங்கிக்கொள்ள முடியும்?" என்று கேட்டு, அவர் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன்.

வழிகள் மூன்று. கர்ப்பத்தைத் தொடர்ந்து, பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை தருவது ஒன்று. இதில் முன்கூட்டியே தெரிந்திருப்பது பெரிய பலம். குழாய்கள் இடம் மாறிய குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள்: தெரியாமல் பிறந்தால் சில மணி நேரங்களில் நீலம் பாரித்துவிடலாம், தெரிந்து, இதய அறுவை வசதி உள்ள இடத்தில் பிறந்தால், பிறந்தவுடன் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, மூடிக்கொள்ளவேண்டிய ஒரு குழாயைத் திறந்தே வைத்து, அறுவை வரை காப்பாற்றுகிறார்கள். உங்களை இவ்வளவு வாட்டும் இந்தச் செய்தி, அந்தக் குழந்தைக்குக் கிடைத்த நேரம். இரண்டாவது வழி, பிழைக்க வாய்ப்பில்லாத குறை என்றால், பெற்றெடுத்து, வலியில்லாமல், கருவிகளின் தொல்லையில்லாமல், அம்மாவின் மார்பில் வைத்து இருக்கும்வரை பார்த்துக்கொள்வது. மூன்றாவது, கர்ப்பத்தை முடித்துக்கொள்வது. எத்தனை வாரம் வரை, எந்த நிலைமையில் என்பது நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும். அதனால் முதல் சந்திப்பிலேயே, "நாங்கள் முடிவு சொல்ல எந்தத் தேதி வரை நேரம் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தத் தேதி தெரிந்தால், இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்ற பதைப்பு அடங்கும். ஸ்கேன் நாளிலோ அதற்கு மறுநாளோ எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழியை எடுப்பவர்களிடம் பலர் சொல்லத் தவறும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். இந்த மாதத்தில் கர்ப்பம் முடிந்தாலும் மூன்று நான்கு நாளில் மார்பில் பால் சுரக்கக்கூடும். தெரியாமல் இருப்பவருக்கு அது இன்னொரு அடி. சுரப்பைக் குறைக்க வழி இருக்கிறது, முன்பே கேட்டு வையுங்கள். குழந்தையைப் பார்ப்பதா, கால்தடம் எடுத்து வைத்துக்கொள்வதா, பெயர் வைப்பதா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. குழந்தையின் உடலில் செய்யும் பரிசோதனை அடுத்த கர்ப்பத்துக்குப் பதில் தரும் என்பதால் அதையும் கேட்பார்கள். யோசித்துச் சொல்ல நேரம் கேளுங்கள். தானே எடுத்த முடிவு என்பதற்காகத் துக்கப்பட உரிமையில்லை என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது முழு இழப்பு. முழுத் துக்கத்துக்கும் உரியது.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆண்கள் பலர் இந்தச் செய்தியைக் கேட்டதும் வேலையில் இறங்கிவிடுவார்கள்: இணையத்தில் தேடுவது, மருத்துவர்களுக்குப் போன் போடுவது. மனைவி பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணவருக்கு, "இவள் ஒன்றுமே கேட்கமாட்டேன் என்கிறாளே". மனைவிக்கு, "இவருக்கு வருத்தமே இல்லையே". இருவருக்கும் ஒரே துக்கம்தான், வேகம் வேறு. ஒரு அப்பா காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு மேலே வருவாராம். ஐந்து வாரம் கழித்து என் அறையில்தான் மனைவிக்கு அது தெரிந்தது.

உறவினர்களுக்குச் செய்தி சொல்ல ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். "குழந்தையின் இதயத்தைப் பற்றி மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தெரிந்ததும் சொல்கிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். ராத்திரி இணையத்தில் தேடுவதைப் பெயர் தெரியும்வரை அடியோடு விட்டுவிடுங்கள். பெயர் தெரியாமல் தேடினால் மிக மோசமான கதைகள்தான் முதலில் வந்து நிற்கும். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்து, மனதில் ஓடும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி மூடி வையுங்கள். அதுவே கவுன்சிலிங்குக்கு எடுத்துப் போகும் நோட்டு. சாப்பாடு இறங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இரண்டு மூன்று நாளாகத் தண்ணீரும் சரியாக இறங்கவில்லை என்றால் அதற்காகவே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த வாரம் போகும்போது நோட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: குறையின் முழுப் பெயர் என்ன, உங்கள் கையால் எழுதித் தருவீர்களா? இதயத்தில் மட்டும்தானா, வேறு உறுப்பிலும் ஏதாவது தெரிகிறதா? ஃபீட்டல் எக்கோ எப்போது? இதே குறையுள்ள குழந்தையைப் பெற்ற ஒரு குடும்பத்தோடு நாங்கள் பேச முடியுமா? மறுபடி சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணில்? மற்றவற்றை மறந்தாலும் பரவாயில்லை, முதலாவதை மட்டும் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

விருப்பமிருந்தால் அந்தப் பெயரை எனக்கு எழுதுங்கள். அந்த ஒரு குறையைப் பற்றி மட்டும் தனியாக, படம் வரைந்து விளக்கி எழுதுகிறேன்.